நாகர்கோவில் – கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி: மாநில அலை இங்கே மட்டும் ஏன் திசை மாறுகிறது?

தொட்டிப்பாலம்:
வணக்கம் நண்பர்களே. போன வாரம் நம்ம தொகுதியின் (2009க்கு முன் நாகர்கோவில், பிறகு கன்னியாகுமரி) பழைய முடிவுகளை 1952 முதல் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்ததும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

1967இல் திமுக அணி தமிழ்நாட்டையே புரட்டிப் போட்டது. 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரசுக்கு மிஞ்சியது வெறும் 3. அதில் ஒன்று நாகர்கோவில், நேசமணி. 1971இல் திமுகவும் இந்திரா காங்கிரசும் சேர்ந்த அணி 38 இடங்களை எடுத்தது. மிச்சமிருந்த ஒன்று நாகர்கோவில், காமராஜர். 1977இல் அதிமுக – இந்திரா காங்கிரஸ் அணி பெரும்பாலான இடங்களை வாரிக்கொண்டு போனபோது இங்கே ஜெயித்தவர் ஸ்தாபன காங்கிரசின் (காங்கிரஸ் உடைந்தபோது காமராஜர் நின்ற பிரிவு) குமரி அனந்தன். 1998இல் அதிமுக – பாஜக அணிக்கு 30 இடம். நாம் அனுப்பியதோ தமாகாவின் (தமிழ் மாநில காங்கிரஸ்) டென்னிஸ். 2014இல் ஜெயலலிதா தனியாக நின்று 37 இடம் பிடித்தார். தப்பியது தருமபுரியும் நாமும்தான்.

ஆக ஐந்து தடவை அலைக்கு எதிர்ப்பக்கம். திமுக இங்கே நேரடியாக ஜெயித்தது ஒரே முறை, 2009இல். அதிமுக ஒரு முறைகூட இல்லை. தமிழ்நாட்டின் வேறு எந்தத் தொகுதியைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். காரணம் என்ன என்று உங்களுக்குத் தோன்றுகிறது?

மணிமுத்தாறு:
அண்ணாச்சி, நான் ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம், திருநெல்வேலிக்காரன். வெளியிலிருந்து பார்க்கிற எங்களுக்கு இது ரொம்பக் கடினமான கேள்வியாகத் தெரியவில்லை. உங்கள் மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சரிபாதி. பாஜக ஒரு பக்கம், காங்கிரஸ் ஒரு பக்கம். நடுவில் திராவிடக் கட்சிகளுக்கு இடமில்லை. அவ்வளவுதானே?

வடசேரிச் சந்தை:
அவ்வளவுதான் என்று முடித்துவிட முடியாது. நீங்கள் சொல்கிற அந்தக் கோடு 1982க்குப் பிறகு விழுந்தது. அந்த வருஷம் மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்து – கிறிஸ்தவக் கலவரம். அதற்கு முன்னால் இங்கே மூன்று பத்தாண்டுகள் தேர்தல் நடந்திருக்கிறது. அப்போது மக்களைப் பிரித்ததும் சேர்த்ததும் மதமல்ல, மொழி.

இரண்டு பேரைப் பாருங்கள். முதல் எம்.பி. நேசமணி, கிறிஸ்தவர். 1957இல் வந்த இரண்டாவது எம்.பி. தாணுலிங்க நாடார், இந்து. இருவரும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசில் தோளோடு தோள் நின்றவர்கள். அப்போது திருவிதாங்கூர் – கொச்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்பதுதான் அந்தக் கட்சிக்கு உயிர். 1952இல் நேசமணி டெல்லிக்குப் போனது அந்தக் கட்சியின் பெயரில்தான். அதாவது நம் தொகுதியின் முதல் எம்.பி. அகில இந்தியக் காங்கிரசை எதிர்த்து ஜெயித்தவர்.

அதே தாணுலிங்க நாடார்தான் பிற்காலத்தில் இந்து முன்னணியின் தலைவரானார். மொழிக்காகப் போராடி, காங்கிரஸ் எம்.பி.யாக இருந்து, கடைசியில் அங்கே போய் நின்றார். இந்தத் தொகுதி எங்கிருந்து எங்கே வந்தது என்பதை அவர் ஒருவரின் வாழ்க்கையை வைத்தே சொல்லிவிடலாம். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கும். தவறு யார்மேல் என்று நான் பேச வரவில்லை. 1952இல் ஒரே மேடையில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு வேறு வேறு கொடி பிடிப்பது எனக்கு வலிக்கிறது.

கல்குளம் பாட்டா:
வடசேரித் தம்பி சொன்னது சரி. எனக்கு எண்பது தாண்டிவிட்டது. என் பேத்திதான் தட்டச்சு செய்து தருகிறாள், அதனால் பிழை இருந்தால் அவள் கணக்கு.

1954 ஆகஸ்ட் 11. எனக்கு அப்போது பத்து வயது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது திருவனந்தபுரத்தில் பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சி. எங்கள் வீட்டில் அப்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினார், அடுக்களையில் அம்மா தீயை அணைத்தாள். ஏன் அணைத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புகை வெளியே தெரிந்தால் ஆள் இருப்பது தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ. அன்றைக்கு ராத்திரி பச்சை மரச்சீனிக் கிழங்கைத்தான் தின்றோம்.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டுக்கு வந்தது. செங்கோட்டை திருநெல்வேலியோடு போனது. நாங்கள் கேட்டது ஒன்பது தாலுகா. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன் மக்கா. திராவிடக் கட்சிகள் மற்ற மாவட்டங்களில் வேர் பிடித்த காலத்தில் நாங்கள் வேறு ராஜ்ஜியத்தில் இருந்தோம். அங்கே இந்தி எதிர்ப்பு நடந்தபோது எங்களுக்கு மலையாளத்தில் எழுதிய மனுவைப் படிக்கிற கவலை. நாங்கள் தமிழுக்காக அடி வாங்கினோம், ஆனால் எங்களோடு அடி வாங்கியது நேசமணியின் கட்சி. அந்தக் கட்சி பிற்பாடு காங்கிரசில் கரைந்ததும் நாங்களும் அதோடு கரைந்தோம்.

தொட்டிப்பாலம்:
பாட்டா, இதைத்தான் கேட்க ஆசைப்பட்டேன். 1969 இடைத்தேர்தலில் ஓட்டுப் போட்டிருப்பீர்களே?

கல்குளம் பாட்டா:
போட்டேன். அப்போது 21 வயதில்தான் ஓட்டு. 1967இல் முதல் ஓட்டு, 69இல் இரண்டாவது.

1967இல் காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில் 1285 ஓட்டில் தோற்றுப்போனார். 1968 ஜூனில் நேசமணி இறந்தார். 69 ஜனவரியில் இடைத்தேர்தல். திமுக ஆட்சியில் இருக்கிறது, அவர்கள் ஆதரித்த வேட்பாளர் டாக்டர் மத்தியாஸ், இந்த ஊருக்குத் தெரிந்தவர், கிறிஸ்தவர். காமராஜரோ வெளியூர்க்காரர். மதத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிற ஊராக இருந்திருந்தால் அன்றைக்கு நடந்திருக்க வேண்டியது வேறு. ஒரு லட்சத்துக்கும் மேலே வித்தியாசம் வைத்து அவரை ஜெயிக்க வைத்தோம்.

ஏன் என்று கேட்டால் எங்கள் அப்பா சொன்ன காரணத்தைத்தான் சொல்வேன். மாத்தூரில் பறளியாற்றுக்கு மேலே, இந்த மலைக்கும் அந்த மலைக்குமாகத் தொட்டிப்பாலம் கட்டினார்கள். உங்கள் பெயரே அதுதானே மக்கா! சிற்றாறு – பட்டணங்கால் திட்டத்துத் தண்ணீர் அந்தப் பாலத்தில் ஓடித்தான் விளவங்கோட்டுக்கும் கல்குளத்துக்கும் வருகிறது. காமராஜர் காலத்தில் போட்ட திட்டம், 1966இல் வேலை முடிந்தது. முதல் தண்ணீர் எங்கள் வாய்க்காலில் வந்தபோது அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நின்றார். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். ரொம்ப நேரம் ஏறி வரவே இல்லை. ஓட்டுக்கு முந்தின நாள் என்னிடம் காலைக் காட்டி, "இவ்வளவு தண்ணி தந்தவருக்குப் போடு" என்றார். நான் இரட்டைக்காளையில் முத்திரை குத்திவிட்டு வந்தேன்.

வடசேரிச் சந்தை:
பாட்டா, இதைப் படித்துவிட்டு என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுடைய ஊரும் மாத்தூர்ப் பக்கம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். பதவியில் இருக்கும்போதே இறந்த எம்.பி.க்கள் நம் தொகுதியில் மூன்று பேர். 1968இல் நேசமணி, 1975 அக்டோபர் 2இல் காமராஜர், 2020 ஆகஸ்ட் 28இல் கொரோனாவில் வசந்தகுமார்.

ரப்பர்பால்:
எல்லாரும் காங்கிரஸ், பாஜக என்றே பேசுகிறீர்கள். மேற்கே மலையோரத்தில் செங்கொடி பல வருஷம் பறந்ததை மறந்துவிடக் கூடாது. விளவங்கோட்டிலும் திருவட்டாரிலும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு எம்.எல்.ஏ.க்கள் இருந்தார்கள். ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி, முந்திரி ஆபீஸில் தோடு உடைக்கிற பெண்கள், இவர்கள்தான் அதற்கு அஸ்திவாரம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பால்வெட்டு. விடியற்காலை நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்குக் கோவிலும் சர்ச்சும் வெள்ளிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும்தான். மற்ற நாளெல்லாம் கூலி, போனஸ், ரப்பர் விலை.

2004இல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின், அப்போது மத்திய அமைச்சராக இருந்த பொன்.ராதாகிருஷ்ணனைத் தோற்கடித்தார். திமுக, காங்கிரஸ் எல்லாம் ஒரே அணி, 39ம் ஜெயித்த வருஷம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சீட்டை மார்க்சிஸ்டுக்குக் கொடுத்ததே மலையோர ஓட்டை நம்பித்தான்.

தோவாளைக்காரி:
அண்ணா, இன்னொன்றும் இருக்கிறது. திருவட்டார் என்ற சட்டமன்றத் தொகுதியே இப்போது இல்லை. 2008 மறுவரையறையில் அது போய்விட்டது. அதுவரை திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்த கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி இங்கே வந்து சேர்ந்தது. எங்கள் தோவாளைப் பூச்சந்தைக்காரர்கள் அதுவரை எம்.பி.யைத் தேடித் திருச்செந்தூர்ப் பக்கம் பார்க்க வேண்டும். கலெக்டர் நாகர்கோவிலில், எம்.பி. வேறு மாவட்டத்தோடு. 2009இல்தான் மாவட்டமும் மக்களவைத் தொகுதியும் ஒன்றாகி, பெயரும் கன்னியாகுமரி ஆனது. அந்த முதல் தேர்தலிலேயே திமுகவின் ஹெலன் டேவிட்சன் 65,687 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தொகுதியின் வரலாற்றில் ஒரே பெண் எம்.பி. அவர்தான், அதையும் யாராவது சொல்லுங்களேன்.

தொட்டிப்பாலம்:
அக்கா, மன்னிக்கவும், அது என் முதல் பதிவிலேயே வந்திருக்க வேண்டும்.

எண்கணக்கு:
நான் கணக்குப் பக்கம் மட்டும் பேசுகிறேன். முதலில் ஒரு திருத்தம். அதிமுக இங்கே ஜெயித்ததே இல்லை என்பது சரி. ஆனால் பல தேர்தல்களில் அது இந்தத் தொகுதியைக் கூட்டணிக்கு விட்டுக்கொடுத்தது. 1984, 89, 91இல் டென்னிஸ் ஜெயித்தது அதிமுக கூட்டணியில். அவர் 1980 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு தடவை. முதல் நாலு காங்கிரஸ், கடைசி இரண்டு தமாகா. அதில் 98 தவிர எல்லாம் மாநிலத்தோடு ஒத்துப்போன முடிவுகள். ஆகவே "எப்போதும் எதிர்ப்பக்கம்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது பொன்.ராதாகிருஷ்ணன் வாங்கிய ஓட்டு. 1999 முதல் 2024 வரை ஏழு தேர்தல், ஏழிலும் பாஜகவுக்கு அவரே வேட்பாளர். 1999லும் 2014லும் ஜெயித்தார், மற்ற ஐந்திலும் இரண்டாவது இடம். கடைசி நாலு தேர்தலைப் பாருங்கள்:

2014: 3,72,906
2019: 3,67,302
2021 இடைத்தேர்தல்: 4,38,087
2024: 3,66,341

2014இல் அதிமுக தனியாக நின்று 1,76,239 வாங்கியது. 2019இல் அதே அதிமுக பாஜகவோடு கூட்டணி. ஆனாலும் அவருடைய ஓட்டு கூடவில்லை, ஐயாயிரம் குறைந்தது. 2024இல் அதிமுக மறுபடி பிரிந்து போனது. அப்போதும் 2019ஐவிட ஓட்டு ஆயிரத்துக்குள்தான் குறைந்தது. 2021 இடைத்தேர்தலைத் தவிர்த்தால், கூட்டணி வந்தாலும் போனாலும் மூன்றே முக்கால் லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. இப்படி உறுதியான ஓட்டு பாஜகவுக்குத் தமிழ்நாட்டில் மற்ற இடங்களில் இருந்ததில்லை. பத்மநாபபுரத்தில் 1996லேயே அந்தக் கட்சிக்கு எம்.எல்.ஏ. வந்தாயிற்று, தமிழ்நாட்டில் அதுதான் முதல்.

ஆகவே இங்கே முடிவைத் தீர்மானிப்பது எதிர்ப்பக்கம் ஒன்றாக நிற்கிறதா, உதிரியாக நிற்கிறதா என்பதுதான். 2019இல் எதிர்ப்பக்கம் ஒன்றாக நின்றது; காங்கிரசின் வசந்தகுமாருக்கு 6,27,235, வித்தியாசம் 2,59,933.

மணிமுத்தாறு:
அப்படியானால் 2014இல் காங்கிரசும் திமுகவும் சேர்ந்து நின்றிருந்தால் பாஜக தோற்றிருக்கும் என்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

எண்கணக்கு:
எல்லாரும் சொல்வது சரியில்லை தம்பி. காங்கிரஸ் 2,44,244, திமுக 1,17,933. கூட்டினால் 3,62,177. அப்போதும் பத்தாயிரத்துச் சொச்சம் குறைகிறது. மார்க்சிஸ்டின் 35,284ஐயும் சேர்த்தால்தான் தாண்டும். இதுவும் காகிதக் கணக்குதான். வேட்பாளர் மாறினால் ஓட்டும் இடம் மாறும். 2014ஐ வெறும் ஓட்டுப் பிரிவினை என்று சொல்லி அந்த வெற்றியைக் குறைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

கடப்புறத்தான்:
2014க்கும் 2019க்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாருமே எழுதவில்லையே. நான் எழுதுகிறேன்.

2016இல் எங்கள் இனயம் கடற்கரையில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. துறைமுகம் வந்தால் வேலை வரும் என்று உள்நாட்டுக்காரர்கள் பலர் நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கோ வள்ளம் ஏற்றி வைக்கிற கரை போகும். அப்புறம் இடத்தைக் கோவளம் – கீழமணக்குடிக்கு மாற்றினார்கள், அங்கேயும் அதே எதிர்ப்பு.

அதற்குள் 2017 நவம்பர் 30, ஒக்கி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி, இந்தப் பக்கத்து ஆட்கள் சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடலில் நாட்கணக்காகத் தங்குகிறவர்கள். புயல் எச்சரிக்கை வரும்போது அவர்கள் கரையிலிருந்து பல நாள் தூரத்தில் இருந்தார்கள். என் சித்தப்பா மகன் போன படகு திரும்பவில்லை. அவனுடைய மனைவி தினமும் சாயங்காலம் கோவில் குருசடிக்குப் பக்கத்தில் ஒரு டார்ச் லைட்டோடு போய் நிற்பாள். பேட்டரி தீர்ந்தால் மாற்றிக்கொண்டு வருவாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் போனாள்.

டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். ஆயிரக்கணக்கான பேர். தேடுகிற கப்பலை இன்னும் தூரம் அனுப்புங்கள் என்பதுதான் கோரிக்கை. எங்கள் தெருவில் 2019 ஏப்ரலில் யாரும் யாருக்கும் ஓட்டுக் கேட்டு அலையவில்லை. தேவையும் இல்லை. மதம் பார்த்துப் போட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் அந்த டார்ச் வெளிச்சத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மணிமுத்தாறு:
அண்ணே, என் முதல் பதிவை நினைத்து வெட்கமாக இருக்கிறது. ஒக்கியைப் பற்றி நாங்கள் செய்தியில் பார்த்ததோடு சரி. மதத்துக்கு இதில் பங்கே இல்லை என்று இப்போதும் நான் நினைக்கவில்லை, ஆனால் அது ஒன்றே காரணம் என்று சொன்னது தப்பு.

கடப்புறத்தான்:
வெட்கம் எதற்குத் தம்பி. பங்கு இருக்கிறதுதான். இல்லை என்று நானும் சொல்லவில்லை.

தோவாளைக்காரி:
2021ஐப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. ஏப்ரல் 6ஆம் தேதி சட்டமன்றத் தேர்தலும் மக்களவை இடைத்தேர்தலும் ஒரே நாளில் நடந்தன. நான் ஆசிரியை, அன்றைக்கு ஒரு வாக்குச்சாவடியில் பணி. சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்புச் சீட்டு ஒட்டிய இயந்திரம், மக்களவைக்கு வெள்ளை. கொரோனாவுக்காக வலது கைக்குப் பிளாஸ்டிக் உறை கொடுத்தோம். அதைப் போடத் தெரியாமல் வயசானவர்கள் தடுமாறினார்கள், நான்தான் விரலை விரலாக நுழைத்துவிட்டேன். ஒரு பாட்டி இரண்டு இயந்திரங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டுலயும் ஒண்ணையேதான் அமுக்கணுமா பிள்ளே, வேற வேற அமுக்கலாமா?" என்று கேட்டார். உங்கள் விருப்பம் பாட்டி என்றேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லக் கூடாது. "அப்பஞ்சரி" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

முடிவு வந்தபோது அந்தப் பாட்டியைத்தான் நினைத்தேன். நாகர்கோவிலில் பாஜக எம்.எல்.ஏ., கன்னியாகுமரியில் அதிமுக, பத்மநாபபுரத்தில் திமுக, குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூரில் காங்கிரஸ். ஆறு இடத்தில் நாலு கட்சி. எம்.பி. மட்டும் காங்கிரசின் விஜய் வசந்த், 1,37,950 வித்தியாசத்தில்.

வடசேரிச் சந்தை:
அந்தக் குடும்பத்தையும் சொல்லிவிடலாம். 1977இல் அண்ணன் குமரி அனந்தன், 2019இல் தம்பி வசந்தகுமார், 2021லும் 2024லும் தம்பி மகன் விஜய் வசந்த். குமரி அனந்தனின் மகள் தமிழிசை பாஜகவில். மக்களவையில் தமிழில் கேள்வி கேட்கிற உரிமைக்காகக் குமரி அனந்தன் விடாமல் போராடினார். மொழிக்காகத் தமிழ்நாட்டோடு இணைந்த ஊரின் எம்.பி. அதைச் செய்தது பொருத்தம்தானே. 2025 ஏப்ரலில் அவர் மறைந்தபோது எங்கள் கடைத்தெருவில் கட்சி பார்க்காமல் படம் வைத்து மாலை போட்டார்கள்.

எண்கணக்கு:
2024ஐயும் பதிவு செய்துவிடுகிறேன். விஜய் வசந்த் 5,46,248, வித்தியாசம் 1,79,907. அதிமுக பாஜகவை விட்டுப் பிரிந்து நின்று நாம் தமிழர் கட்சிக்கும் கீழே நாலாவது இடத்துக்குப் போனது. அன்றைக்கே விளவங்கோட்டில் சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது, அங்கேயும் காங்கிரஸ்தான்.

தொட்டிப்பாலம்:
பாட்டா, 1971இல் நீங்கள் எந்தச் சின்னத்தில் குத்தினீர்கள்? காங்கிரஸ் உடைந்து இரட்டைக்காளை போய்விட்டதே.

கல்குளம் பாட்டா:
ராட்டை சுற்றும் பெண் மக்கா. எங்கள் அம்மாவுக்குப் பழைய காளைதான் பழக்கம். புதுச் சின்னத்தைக் காட்ட அடுக்களைச் சுவரில் அப்பா கரித்துண்டால் ஒரு ராட்டையும் பக்கத்தில் ஒரு பெண்ணையும் வரைந்தார். பெண் சரியாக வரவில்லை, ராட்டை மட்டும் நன்றாக இருந்தது. அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வந்தும் அதை அழிக்க விடவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவாள். 1975இல் காமராஜர் இறந்த செய்தி வந்த அன்றைக்கு அவளே ஒரு துணியை நனைத்துத் துடைத்தாள்.